டிரைவர் பக்கத்துச் சாய்வு

“வண்டியில யாரு உட்கார்ந்திருக்கா?”

பின்வாசலில் டீ டம்ளரோடு நின்றிருந்த மாமியார் சாவகாசமாகத்தான் கேட்டாள். வந்திருக்கும் விருந்தாளி யார் என்று விசாரிக்கிற குரல். உள்ளே தலையை முடிந்துகொண்டிருந்த மருமகள் பதில் சொன்னாள்.

“யாரும் இல்ல அத்தை. சாவி ஆணியிலதான் தொங்குது.”

“சாவி தொங்கினா ஆள் இருக்கக் கூடாதா? நீயே வந்து பாரு.”

வந்து பார்த்தாள். வீட்டுக்கும் எதிரே இருந்த பட்டறைக்கும் நடுவில், சிமெண்டு முற்றத்தில் ஜீப் நின்றது. முந்தின நாள்தான் கொழுந்தன் அதன் அடிப்பக்க வேலையை முடித்திருந்தான். பழைய நிலையைவிட நாலு விரல் உயரமாக, புதுச் செருப்புப் போட்டவன் மாதிரி நின்றது. காலை வெயில் முன்கண்ணாடியில் பட்டுக் கூசியதால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. நிற்கிற தோரணை மட்டும் தெரிந்தது. டிரைவர் பக்கம் அமுங்கியிருந்தது. கனத்த ஆள் ஒருவர் ஏறி உட்கார்ந்து, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் என்று காத்திருந்தால் வண்டி எப்படி நிற்குமோ, அச்சு அசல் அப்படி.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப் போய்க் கதவைத் திறந்தாள். சீட் காலி. ஏறி உட்கார்ந்து பார்த்தாள். யார் ஏறினாலும் ஒரு வண்டி கொஞ்சமாவது இறங்கும், முனகும். இது அசையவில்லை. ஏற்கெனவே ஆள் இருக்கிற இடத்தில் குழந்தை ஒன்று மடியில் ஏறியது போல, அவளைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“என்ன, காலியா?” என்றாள் மாமியார்.

“காலிதான் அத்தை.”

“நிக்கிற நிப்பு அவன் நிப்பு” என்று சொல்லிவிட்டு மாமியார் டீயை ஊதிக் குடித்தாள்.

அவன் என்றால் அவளுடைய மூத்த மகன், இவளுடைய கணவன். செத்துப்போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

அண்ணன் தம்பி இருவரையும் அக்கம்பக்கம் பெரியவர், சின்னவர் என்றுதான் கூப்பிட்டது. பெரியவர் ஓட்டுவார், சின்னவர் பழுது பார்ப்பார். அவர்கள் அம்மா பட்டறை வாசலில் உட்கார்ந்து, கழற்றிய நட்டு போல்ட்டுகளை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் தேய்த்துக் கொடுப்பாள். மலை உச்சியில் ஒரு டவர் நிலையம். அங்கே ஆட்களையும் டீசலையும் குடிதண்ணீரையும் ஏற்றிக்கொண்டு போவதுதான் பெரியவரின் பிழைப்பு. அவருடைய ஜீப் அந்தக் கம்பெனி போடுவதிலேயே மேல் மாடல். உயரமான ஸ்பிரிங், குலுக்கலைத் தாங்கும் தடித்த ஷாக், நீளமான ஆர்ம் எல்லாம் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்தது. ஒரு மத்தியானம் இறங்கி வரும் வழியில், பெரிய வளைவில், அவருக்கு நெஞ்சு நின்றுபோயிற்று. வண்டி தானாக உருண்டு, மலைப்பக்கத்துப் பாறையில் மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. தேடிப் போனவர்கள் பார்த்தபோது பெல்ட் போட்டபடி, கையை ஸ்டியரிங்கில் வைத்தபடி, உட்கார்ந்தே இருந்தாராம். எஞ்சின் உடைந்து சேசிஸின் முனை வளைந்துவிட்டது. அடியில் ஒரு கீறல் கிடையாது.

அந்த வண்டி பட்டறையின் பின்னால் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அவளிடம் இருந்தது அதே கம்பெனியின் அடி மாடல். கடைகண்ணிக்குப் போய் வர வாங்கியது. மலைப் பாதையில் அவளுக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்ததே பெரியவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கும் அளவுக்கு அவள் நன்றாக ஓட்டினாள். அதனால், அந்த வேலையை எனக்கே கொடுங்கள் என்று நிலையத்து சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

“நீங்க ஓட்டுவீங்க, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல” என்றார் அவர். “உங்க வண்டிதான் ஏறாது. கல் ஓடையில வயிறு தட்டும்.”

“உயரம் ஏத்திக்கிறோம் சார்.”

“வெளியில வாங்கி மாட்டினா ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டாங்க. வண்டிக் கம்பெனி போட்ட சாமானா இருக்கணும்.”

“வண்டிக் கம்பெனி போட்டதே எங்க வீட்ல இருக்கு சார்” என்று அவள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வீடு வரும்வரை வாய் கசந்தது.

வேறு வழி என்ன இருந்தது? வேலை கிடைக்காவிட்டால் அந்த வீட்டில் அவளுக்குப் பிடிமானம் இல்லை. பிள்ளை குட்டி இல்லை. தூரத்தில் இருந்த அவளுடைய அண்ணன், “வந்துடு, ரூம் ரெடியா இருக்கு” என்று போன் போடும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அண்ணன் மனைவி போனைப் பிடுங்கி, “அலமாரியில ரெண்டு தட்டு காலி பண்ணி வச்சிருக்கேன்” என்பாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். தன் மிச்ச வாழ்க்கை இரண்டு தட்டில் அடங்கிவிடும் என்றுதான் இவளுக்குக் கேட்டது.

ஆக, செத்தவர் வண்டியிலிருந்து ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஆர்மும் கழன்று, இருக்கிறவள் வண்டிக்கு ஏறின. ஏறின மறுநாள் காலைதான் வண்டி இப்படி நின்றது.

அவள் பட்டறைக்குள் போனாள். கொழுந்தன் ஒரு பழைய டைனமோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்திருந்தான்.

“தம்பி, வண்டி டிரைவர் பக்கம் சாயுது பாத்தியா?”

“புது ஸ்பிரிங் அண்ணி. செட்டாகணும்.”

“புதுசா? உங்க அண்ணன் ஓட்டி ஓட்டி இளக்கினது அது.”

“இந்த வண்டிக்குப் புதுசுதானே.”

“தலையைத் தூக்கிப் பாத்துச் சொல்லு.”

“பாத்துட்டேன்” என்றான், டைனமோவைப் பார்த்துக்கொண்டு.

தரைதான் கோணலோ என்று அவள் வண்டியைத் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் டிரைவர் பக்கமே தாழ்ந்தது. ஸ்பிரிங் இடம் மாறியிருக்குமோ என்று குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். தொழிற்சாலை ஒட்டிய இடது, வலது லேபிள்கள் அழுக்கேறி, அதனதன் பக்கத்தில் சரியாக இருந்தன.

கடைவீதிக்குப் போய்விட்டு வந்து முற்றத்தில் நிறுத்தினாள். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வாசற்படிக்கு வந்திருப்பாள். பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். படியில் கால் வைத்த சத்தம். அப்புறம் நீளமாக ஒரு முனகல், இரும்பும் ரப்பரும் சேர்ந்து மூச்சு விடுகிற மாதிரி. எத்தனையோ வருஷம் அடுப்படியில் நின்றுகொண்டே அவள் கேட்ட சத்தம் அது. கனத்த உடம்பு முதலில் படியில் ஒரு காலை வைக்கும், பிறகு மொத்தமாக இறங்கும், வண்டி ‘அப்பாடா’ என்று எழும்பும்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

“ரெண்டு டம்ளர் எடுக்கட்டா?”

அவள் கைகழுவப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தபோது, வண்டி மறுபடி மெல்ல மெல்ல டிரைவர் பக்கம் இறங்கி, பழையபடி உட்கார்ந்திருந்தது.

மாமியாருக்கு அதில் பயம் இல்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. பிள்ளை வெளியூர் போய் வந்து களைத்துக் கிடக்கிறான் என்பது போல நடந்துகொண்டாள். பட்டறை வாசலில் இருந்த முக்காலியை ஜீப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, போல்ட்டுத் தட்டை அங்கேயே வைத்துக்கொண்டாள்.

“உன் தம்பி இன்னிக்கு யாருக்கோ பிரேக் மாட்டினான். நாலு தரம் மாட்டி நாலு தரம் கழட்டினான். நீ இருந்தா சிரிச்சிருப்பே.” கொஞ்ச நேரம் தேய்ப்பாள். “உன் பொண்டாட்டி சரியா சாப்பிடறது இல்ல. கேட்டா வயிறு ரொம்பிடுச்சுங்கறா. காத்தைக் குடிச்சு ரொம்பினாளோ என்னவோ.”

சமையலறையில் இருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. ‘அத்தை, உள்ள வாங்க’ என்று கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல் விட்டாள். அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? ஓட்டிப் பழகுவதற்காக மலையடிவாரம் வரைக்கும் தனியாகப் போய் வந்தாளே, அப்போது வண்டி தானாக மலையோரத்துக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போயிற்று. பெரியவர் அப்படித்தான் ஓட்டுவார். பள்ளத்தின் பக்கம் போனால், “அந்தப் பக்கம் என்ன வேடிக்கை, ஓரமா வா” என்பார். அவள் ஸ்டியரிங்கைத் திருப்ப, வண்டி எதிர்த்து இழுக்க, கடைசியில் வாய்விட்டே சொல்லிவிட்டாள்:

“சரி, ஓரமாத்தான் போறேன். போதுமா?”

சொன்ன பிறகு பிடரியில் ஒரு சூடு ஏறியது. வண்டிக்குள் கிரீஸ் வாசனையும் வேர்வை வாசனையும் இருந்தன. அது அவளுடைய வேர்வையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அன்றைக்குத் திரும்பி வரும்போது வேகத்தைக் குறைத்தே வந்தாள். வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று இருந்தது.

வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்லியிருந்த பரீட்சை நாள் வந்தது. சூப்பர்வைசர் ஒரு தொப்பியும் டார்ச்சுமாக வந்து சேர்ந்தார். வந்ததும் வண்டிக்கு அடியில் படுத்து ஒவ்வொரு லேபிளாகப் பார்த்தார்.

“சாமான் எல்லாம் கம்பெனிது. சரி. எதுக்கு வண்டி ஒரு பக்கமா உட்கார்ந்திருக்கு?”

“செட்டாகணும் சார்” என்றாள் அவள். கொழுந்தனின் பொய்யைக் கடன் வாங்கியது நாக்கில் ஒட்டியது.

“மேல போறதுக்குள்ள செட்டாயிட்டா நல்லது” என்று ஏறிக்கொண்டார்.

மேடு நன்றாகத்தான் ஏறியது. குழிகளை விழுங்கிக்கொண்டு போயிற்று. அடி மாடல் இப்படிப் போகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கல் ஓடை வந்தது. தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். அதற்குள் ஆட்டுத்தலை அளவுக்குக் கற்கள். அவள் நடுவில் விட்டாள். வண்டி ஓரத்துக்கு இழுத்தது. திருப்பினாள். இழுத்தது. டிரைவர் பக்கத்து அடியில் ‘கர்ரக்’ என்று ஒரு சத்தம் பல்லைக் கூசவைத்தது.

“நிறுத்துங்க” என்றார் சூப்பர்வைசர். “நிறுத்துங்க டிரைவரம்மா. தட்டிடுச்சு.”

“இன்னொரு தரம் விடறேன் சார்.”

“வேணாம். டீசல் டிரம்மோட வந்து தட்டினா என் வேலையும் சேந்து போயிடும். திருப்புங்க.”

அடிவாரத்தில் சோதனைச் சாவடி அருகே நிறுத்திவிட்டு இருவரும் இறங்கினார்கள். அவர் தன் சட்டையிலிருந்து தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தார். அப்போது பின்னால் ‘டொக்’ என்றது. பிறகு அந்த நீண்ட முனகல்.

சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்தார்.

“பின்னாடி யாரையாவது ஏத்திட்டு வந்தீங்களா?”

“இல்ல சார்.”

“யாரோ இறங்கின மாதிரி...” அவர் போய்ப் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது குரல் கொஞ்சம் தணிந்திருந்தது. “பாருங்கம்மா, பெரியவர் எனக்கு வேண்டியவர். அதனால சொல்றேன். இந்த வேலையை இன்னொருத்தர் கேட்டுக்கிட்டு இருக்கார். அவர்கிட்ட நல்ல வண்டி இருக்கு. நாளைக்குக் காலையில நான் மறுபடி வரேன். ஓடையைத் தட்டாம தாண்டினா வேலை உங்களுது. தட்டினா என்னைக் கோவிச்சுக்கக் கூடாது.”

“கோவிக்க மாட்டேன் சார்.”

வீட்டுக்கு வந்ததும் நேராகப் பட்டறைக்குள் போனாள். மத்தியான வெயில் தகரக் கூரையில் படபடத்தது. கொழுந்தன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டான்.

“தட்டிடுச்சா அண்ணி?”

“தட்டிடுச்சு. இப்ப நான் ஒண்ணு கேக்கறேன், டைனமோவைப் பாக்காம என்னைப் பாத்துச் சொல்லு. கடைசி முறுக்கு முறுக்கும்போது யாரை சீட்ல உட்கார வச்சே?”

அந்தப் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருக்கும் ஆர்மின் முனைகளில் ‘புஷ்’ என்கிற ரப்பர் வளையம் இருக்கும். போல்ட்டை இறுக்கும்போது ஆர்ம் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையை அந்த ரப்பர் பிடித்துக்கொள்ளும்; பிறகு எப்போதும் அங்கேயே திரும்பி வரத்தான் பார்க்கும். அவசரக்காரர்கள் வண்டியை ஜாக்கியில் தூக்கி வைத்தே முறுக்கிவிடுவார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தரையில் இறக்கி முறுக்குவார்கள். இந்த அண்ணன் தம்பி அதற்கும் ஒரு படி மேலே போய், யார் ஓட்டப் போகிறாரோ அவரை சீட்டில் ஏற்றி உட்கார வைத்துத்தான் முறுக்குவார்கள். “ரப்பருக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. ஆளை அறிமுகப்படுத்தாம முறுக்கக் கூடாது” என்பார் பெரியவர். வண்டிக்காரர் ஊரில் இல்லாவிட்டால் அவரே ஏறிக்கொள்வார். கீழேயிருந்து தம்பி, “ஏறி உட்காருண்ணே” என்று குரல் கொடுப்பதை அவள் எத்தனை முறை கேட்டிருக்கிறாள் என்று சொல்ல முடியாது.

“என்னைக் கூப்பிடவே இல்லையே நீ” என்றாள்.

கொழுந்தன் கந்தல் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த விரல்களையே மறுபடி துடைத்தான்.

“உங்களைத்தான் கூப்பிட நினைச்சேன் அண்ணி. கீழ படுத்து ஸ்பானரையும் போட்டுட்டேன். வாய்ப் பழக்கம். ‘ஏறி உட்காருண்ணே’ன்னு சொல்லிட்டேன்.”

“சரி, சொன்னே. அதுல என்ன?”

“சொன்னதும் வண்டி இறங்குச்சு.”

கூரைத் தகரம் ஒருமுறை வெடித்து அடங்கியது.

“முதல்ல படியில ஒரு அழுத்து. அப்புறம் சீட்டு. எப்பவும் இறங்குற மாதிரியே. ஆர்ம் என் மூக்குக்கு நேரா வந்து நின்னுச்சு.”

“ஜாக்கி நழுவியிருக்கும்.”

“ஜாக்கி எடுத்துட்டேன். நாலு சக்கரமும் தரையில.”

“ஸ்பிரிங் அப்பத்தான் உட்கார்ந்திருக்கும் தம்பி.”

“அப்படித்தான் நானும் சொல்லிக்கிட்டேன்.”

“அப்புறம் என்ன பண்ணினே?”

“முறுக்கிட்டேன்” என்றான். “கூப்பிட்ட ஆள் வந்து உட்கார்ந்தா வேற என்ன பண்றது அண்ணி?”

அவளுக்குக் கோபம் வரவில்லை. அங்கே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தாள்.

“லூஸ் பண்ணிட்டு மறுபடி முறுக்கணும், இல்லையா?” என்று அவளே கேட்டாள்.

“ஆமா. நீங்க உட்காரணும்.”

“அப்ப இன்னிக்கே பண்ணிடு. வெளிச்சம் இருக்கும்போதே.”

“எதைப் பண்ணப் போறீங்க?” வாசலில் மாமியார் நின்றாள். கையில் போல்ட்டுத் தட்டு. எவ்வளவு நேரமாக நின்றாளோ.

“போல்ட்டை லூஸ் பண்ணப் போறோம் அத்தை. வண்டி சாய்ஞ்சு அடி தட்டுது.”

“சாய்ஞ்சா சாய்ஞ்சுட்டுப் போகட்டும். ஓடையில கல்லை எடுக்கச் சொல்லு.”

“எடுத்தா மறுபடி வெள்ளத்துல வேற கல்லு வரும் அத்தை.”

“வரட்டும். மறுபடி எடுக்கட்டும். கவர்மென்ட்டு வேற எதுக்கு இருக்கு?”

“அம்மா” என்றான் கொழுந்தன்.

“நீ பேசாதே. கூப்பிட்டது நீ. கூப்பிட்டு உட்கார வச்சுட்டு, இப்ப எந்திரின்னா என்ன மரியாதை? என் பிள்ளை அங்க தனியா உட்கார்ந்தபடியே கிடந்தான். யாரும் பக்கத்துல இல்ல. இங்கயாவது உட்கார்ந்துட்டுப் போறான், உங்களுக்கு என்ன?”

தட்டிலிருந்த போல்ட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுத்தன. மருமகள் எழுந்துபோய்த் தட்டை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அத்தை, எனக்கு மட்டும் அவரை இறக்கி விடணும்னு ஆசையா? மலையடிவாரத்துல இருந்து வர்றதுக்கு நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கறேன்னு நீங்களே பாத்துட்டுதானே இருக்கீங்க.”

“அப்ப விடு.”

“வேலை போச்சுன்னா நான் அண்ணன் வீட்டுக்குப் போகணும். வண்டியும் என்னோட வந்துடும். அப்புறம் உங்களுக்கு நானும் இல்ல, இந்த முற்றத்துல எதுவும் இல்ல.”

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதிலிருந்த மண்ணெண்ணெய் பட்டிருக்க வேண்டும், கண் எரிந்து மூடிக்கொண்டாள்.

“சரி” என்றாள் கண்ணைத் திறக்காமல். “சொல்லிட்டு இறக்கு. தூங்கறவனை உலுக்கி எழுப்பற மாதிரி எழுப்பாதே.”

கொழுந்தன் ஸ்பானரோடு வண்டிக்கடியில் போனான். கால் இரண்டும் வெளியே தெரிந்தன. பிறகு கமறிய குரலில் சொன்னான்:

“ஏறி உட்காருங்க அண்ணி.”

அவள் ஏறினாள். வழக்கம்போல வண்டி அவளை மதிக்கவில்லை. கீழே ஒரு போல்ட் ‘டக்’கென்று விட்டது. இன்னொன்று. மற்றொன்று. அவள் இருக்கையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இனி வண்டி எழும்ப வேண்டும்.

எழும்பவில்லை.

“எல்லாத்தையும் விட்டுட்டேன் அண்ணி” என்றான் கீழேயிருந்து. “ரப்பர்ல பிடிப்பே இல்ல. ஆனா எந்திரிக்க மாட்டேங்குது.”

“துருப் பிடிச்சிருக்குமா?”

“கையால ஆட்டினா போல்ட் ஆடுது.”

“சுத்தியால தட்டிப் பாரேன்.”

“நான் தட்ட மாட்டேன்” என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை.

மாமியார் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வண்டிக்குள் வெயில் தேங்கியிருந்தது. முதுகுக்குப் பின்னால் இருக்கை கதகதவென்று இருந்தது, யாரோ இப்போதுவரை சாய்ந்திருந்த மாதிரி. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிலிருந்தாவது எழுப்ப வேண்டுமென்றால் அவள் கெஞ்சியது கிடையாது. வேலையைச் சொல்வாள். அவ்வளவுதான்.

“என்னங்க” என்றாள் மெதுவாக. “மேல டிரம்முல தண்ணி அடிமட்டத்துக்கு வந்துடுச்சாம். அந்த வயசான ஆபரேட்டர் ரெண்டு தரம் போன் பண்ணிட்டாராம். நாளைக்குக் காலையில போயாகணும்.”

ஒன்றும் நடக்கவில்லை.

“நான் போறேன். நீங்க உட்கார்ந்திருந்தா ஓடை தட்டுது. எனக்கு வழி தெரியும். நீங்கதானே காட்டினீங்க.” ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். “இடம் விடுங்க.”

முதலில் இருக்கை இலேசானது. அவளை அடியிலிருந்து யாரோ விரல் நுனியால் தூக்குவது போல, டிரைவர் பக்கம் மெல்ல எழும்பியது. முனகல் வந்தது. நின்றது. பிறகு படியில் ஒரு ‘டொக்’. சாத்தியிருந்த கதவு சாத்தியபடியே இருந்தது.

கண்ணாடி வழியே அவள் மாமியாரைத்தான் பார்த்தாள். மாமியாரின் பார்வை ஜீப்பின் படியில் இருந்தது. அங்கிருந்து மெல்ல நகர்ந்தது. முற்றத்தைக் கடந்து, பட்டறை வாசலைக் கடந்து, கேட் வரைக்கும் போயிற்று, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில். கேட்டில் கொஞ்சம் நின்றது. பிறகு மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். என்ன பார்த்தீர்கள் என்று அன்றும் யாரும் கேட்கவில்லை, பின்னாலும் கேட்கவில்லை.

“அண்ணி.” கீழேயிருந்து குரல். “எந்திரிச்சிடுச்சு. முறுக்கட்டா?”

“முறுக்கு.”

“நல்லா அழுத்தி உட்காருங்க. நீங்க இருக்கறதே எனக்குத் தெரியல.”

“தெரியிற வரைக்கும் பாத்து முறுக்கு. அவசரம் இல்ல.”

மறுநாள் காலை சூப்பர்வைசர் வந்தபோது வண்டி மட்டமாக நின்றது. ஓடையில் அவள் நடுவில் விட்டாள்; நடுவிலேயே போயிற்று. தண்ணீர் சக்கரத்தில் சளசளத்தது, கல் உருண்டது, எதுவும் தட்டவில்லை. அக்கரையில் ஏறியதும் அவர் தொப்பியைக் கழற்றினார்.

“நேத்து இருந்த வண்டியா இது? என்ன பண்ணினீங்க?”

“போல்ட்டை லூஸ் பண்ணி மறுபடி முறுக்கினோம் சார்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

“அப்ப மத்தியானமே லோடு எடுத்துடுங்க. மேல தவிச்சுட்டு இருக்காங்க.” அடிவாரத்துக்குத் திரும்பி வந்து இறங்கும்போது ஒரு வயர்லெஸ் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். “பெரியவருக்கு அப்படி ஆனதுக்கு அப்புறம் ஆபீஸ்ல புது சட்டம். பெரிய வளைவைத் தாண்டினதும் மேல சொல்லணும். வண்டியில எத்தனை பேர்னு கேப்பாங்க, அதையும் சொல்லணும்.”

மத்தியானம் தண்ணீர் டிரம்களோடு கிளம்பினாள். முற்றத்தில் மாமியார் வழியனுப்ப வரவில்லை. கொழுந்தன்தான் கேட்டைத் திறந்து பிடித்தான்.

வண்டி சொன்னபடி கேட்டது. மலையோரத்துக்கு ஒதுங்கவில்லை, பள்ளத்துக்கும் போகவில்லை. எங்கே திருப்பினாளோ அங்கே போயிற்று. முழுப் பாதையிலும் ஸ்டியரிங்கை அவளே பிடித்திருக்க வேண்டியிருந்தது, கை வலித்தது. பெரிய வளைவு வந்தது. பாறையில் வெள்ளையாக ஒரு கீறல், பெயிண்ட் ஒட்டியபடி. வேகத்தைக் குறைத்தாள். ஜன்னலை இறக்கினாள். காற்றில் டீசல் வாசனை. டிரம்முக்குள் தண்ணீர் தளும்பும் சத்தம். வேறொன்றும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். வேறொன்றுமே இல்லை.

கியரை மாற்றி வளைவைத் தாண்டினாள். வயர்லெஸ் கரகரத்தது.

“டிரைவரம்மா, வளைவு தாண்டிட்டீங்களா?” வயசான ஆபரேட்டரின் குரல்.

“தாண்டிட்டேன்.”

“எத்தனை பேர்?”

பட்டனை அழுத்திப் பிடித்தாள். பக்கத்து இருக்கையைப் பார்த்தாள். பின்னால் பார்த்தாள். அழுத்திய விரல் மரத்துப்போனதும் பட்டனை விட்டாள்.

“கேக்குதாம்மா? எத்தனை பேர்?”

பட்டனை மறுபடி அழுத்தி, “ஒருத்திதான்” என்றாள். “நான் மட்டும்தான் வரேன்.”